காலியாகத் திரும்பிய மூடி

1

நவம்பர் முதல் வாரத்தில், இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் இந்த ஊரில் வெடி போடுகிறார்கள். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் இவர்களுடைய பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தானாம். அவன் பிடிபட்ட நாளை இன்னும் விடாமல் கொண்டாடுகிறார்கள். குளிரில் விறைத்துப்போன மைதானத்தில் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு மத்தாப்புப் பிடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் சிவகாசிப் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்வேன். காலிப் பெட்டியைத் திருப்பி எந்தக் கம்பெனி என்று பார்ப்பேன். சீனா என்று போட்டிருக்கும். 'அதானே பார்த்தேன்' என்று ஒரு திருப்தியோடு கீழே வைப்பேன்.

வானத்தில் பச்சை விரிந்தால் 'பேரியம்' என்று என் வாய் தானாகச் சொல்லும். சிவப்பு வந்தால் 'ஸ்ட்ரான்சியம்'. இந்த வருஷம் அப்படிச் சொன்னபோது, பன்னிரண்டு வயதாகும் என் மகள் சமீனா, "அம்மா, சும்மா பார்க்கவே மாட்டாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், இங்கே வந்த பிறகு பேசத்தான் நா எழுவதில்லை. நான் சொன்னேன், இது என் படிப்பு இல்லை, நான் கணக்கு டீச்சர், இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுந்தரபாண்டியன் சார் என்று. அது யார் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதற்குள் தோழிகளிடம் ஓடிவிட்டாள். நல்லவேளை என்றும் தோன்றியது. கேட்டிருந்தால் முழுக்கதையையும் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

அதே வாரம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது, இருப்பவர்கள் விட்டுப் போய்விடக் கூடாது, ஆகவே ஜனவரியிலிருந்து எனக்குச் சம்பளத்தோடு ஒரு கூடுதல் தொகை தரப்படும். கீழே தலைமையாசிரியை கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: இது நமக்குள் இருக்கட்டும்.

என் கணவர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, இந்தத் தடவை ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிடலாம் என்றார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் சூப்பர்வைசராக இருந்தவர், இங்கே பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறார். அவருடைய சந்தோஷத்தை நான் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

விருதுநகரில் என்னைப் பெற்ற அத்தாவுக்கு மிளகாய் வியாபாரம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் அந்த வீட்டிலிருந்தே தினமும் காலை பஸ் பிடித்து, சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். பெயர் வேண்டாம். பள்ளிக் கமிட்டியில் இருந்தவர்கள் பட்டாசு முதலாளிகளும் பிரஸ் முதலாளிகளும். பிள்ளைகளில் பாதிக்கு மேல் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

அந்தப் பள்ளிக்கு ஒரு சாபக்கேடு இருந்தது. கெமிஸ்ட்ரிக்கு ஆள் நிற்காது. காரணம் ரகசியமில்லை. பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கெமிஸ்ட்ரி படித்த போர்மேன் வேண்டும். மருந்துக் கலவைக்குப் பொறுப்பாக நிற்கிற வேலை, சம்பளம் பள்ளிக்கூடத்தைப் போல் இரண்டு பங்கு. ஒருவர் வந்து வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்குள் கம்பெனி வண்டியில் ஏறிவிடுவார். அப்படி மூன்று பேர் போன பிறகு வந்தவர்தான் சுந்தரபாண்டியன் சார்.

ஒல்லியான மனிதர். மெதுவாகப் பேசுவார். பாடம் நடத்துகிற விதமே வேறு. எந்த உப்பு எந்த நிறத்தில் எரியும் என்கிற தீச்சுடர் சோதனை வருகிற அன்று புத்தகத்தைத் திறக்க மாட்டார். உங்கள் வீட்டில் யார் என்ன வேலைக்குப் போகிறார்கள், கைக்கு என்ன நிறம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கேட்பார். அம்மா கை வெள்ளி மாதிரி மின்னும், சோப்புப் போட்டாலும் போகாது என்று ஒரு பெண் சொல்லும். அலுமினியம் என்று கரும்பலகையில் எழுதுவார். பச்சை உப்பு என்று இன்னொருத்தி சொல்வாள், பேரியம் என்று எழுதுவார். பக்கத்து வகுப்பில் நான் கணக்குப் போட்டுக்கொண்டே காதை அங்கே வைத்திருப்பேன். அவர் இருந்த வருஷங்களில் பிள்ளைகள் கெமிஸ்ட்ரியைப் பார்த்துப் பயப்படவில்லை.

அவரும் போய்விடுவார் என்று கமிட்டிக்குப் பயம் வந்தது. அவருக்கு மட்டும் மாதாமாதம் கூடுதலாகக் கொடுப்பதென்று முடிவு செய்து, வெளியே சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லியும் இருக்கிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? காலையில் முடிவானது, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆபீஸ் கிளார்க் வழியாக எங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்றைக்கே நேராகக் கமிட்டிச் செயலரிடம் போனேன். நான் வேலையில் சாருக்கு இரண்டு வருஷம் மூத்தவள். ஆள் இல்லாத நாட்களில் கெமிஸ்ட்ரி வகுப்பில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவளும் நான்தான். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா என்று கேட்டேன். செயலர் தாமே பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். கோபப்படாமல் பதில் சொன்னார்.

"கணக்கு டீச்சர் வேணும்னு ஒரு விளம்பரம் குடுத்தா அம்பது பேரு வாராக. கெமிஸ்ட்ரிக்கு ஒருத்தர் வந்தா, மறுமாசமே எங்க ஆளுகளே தூக்கிட்டுப் போயிருதாக. மிளகா வரத்துக் கொறஞ்சா வெல ஏறத்தான செய்யும்? ஒங்க அத்தாவுக்குத் தெரியாததா டீச்சர்?"

நாங்கள் மிளகாய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்னது எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற நியாயம்தான். அதனால்தான் அவ்வளவு எரிந்தது.

3

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானம் ஐந்து பேர் ஒரு மேஜையில் உட்காருவோம். டிபன் பாக்ஸைத் திறந்ததும் அவரவர் மூடியை வலது பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். அவர் தன் சாப்பாட்டிலிருந்து ஒரு கரண்டி வைத்து அடுத்தவருக்குத் தள்ளுவார். ஐந்து மூடியும் ஒரே நேரத்தில் மேஜையைச் சுற்றும். உங்கள் மூடி உங்களிடம் திரும்பும்போது தமிழ்ப் பாடம் எடுக்கும் தமிழம்மாவின் கருவாட்டுத் தொக்கும், இன்னொருவர் வீட்டுப் புளியோதரையும், என் வீட்டுக் கறிக்குழம்பில் ஊறிய இடியாப்பமும் அதில் இருக்கும். சுந்தரபாண்டியன் சார் கொண்டுவருவது பெரும்பாலும் ரசம் சாதம். அதை மூடியில் வைக்க முடியாது என்பதால், சாத்தூர் காரச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிவந்து எல்லா மூடியிலும் கொஞ்சம் கொஞ்சம் போடுவார்.

சார் வந்த முதல் வருஷம், நான் நோன்பு வைக்கிற மாதத்தில் மேஜைப் பக்கமே போகாமல் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தேன். சார் வந்து, மறுநாளிலிருந்து வெறும் பாக்ஸையாவது கொண்டுவரச் சொல்லி வாங்கிப் போனார். மூடியில் என் பங்கு சேர்ந்ததும், அதை ஒரு கிண்ணத்தில் மாற்றித் துணியில் கட்டிக் கொடுத்தார். சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு சாப்பிடுங்கள் என்றார். அதிலிருந்து ஒவ்வொரு நோன்பு மாதமும் என் மூடி நான் இல்லாமலே சுற்றியது. எங்கள் அம்மா அந்தக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம், இன்றைக்கு யார் வீட்டு என்ன என்று ஆவலாகப் பார்ப்பாள்.

மேஜையில் சாருக்கு வலது பக்கம் என் நாற்காலி. அவர் மூடி முதலில் என் கைக்குத்தான் வரும்.

செயலரிடம் பேசிவிட்டு வந்த மறுநாள், அவர் மூடி வந்தது. எவர்சில்வர் மூடி, எங்கள் ஊர் வழக்கப்படி பெயர் வெட்டியது. யாருடையது என்று பார்க்காமல் தள்ளிவிட்டேன் என்று பிறகு என்னால் என்னையே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. ஒன்றும் வைக்காமல் தமிழம்மா பக்கம் நகர்த்தினேன். தமிழம்மா என் முகத்தைப் பார்த்தார். அவரும் வைக்கவில்லை. நான்கு கை மாறி, மூடி போனது மாதிரியே அவரிடம் திரும்பியது.

அவர் அதை எடுத்துப் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் மூடிகள் அவரிடம் போனபோது ஒவ்வொன்றிலும் காரச்சேவு போட்டார். மறுநாளும் அப்படித்தான் நடந்தது. அதற்கு மறுநாளும். நான்காம் நாளிலிருந்து அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய்விட்டார். எங்கள் அறையிலிருந்து நாலு வகுப்பு தள்ளித்தான் லேப். எங்கள் நாலு பேரில் ஒருவர்கூட எழுந்து போய்ப் பார்க்கவில்லை. வருவார் என்று நான் நினைத்தேன். வந்தால் வைத்துவிடலாம் என்றுகூட இரண்டு நாள் கூடுதலாக இடியாப்பம் கொண்டுபோனேன். கூப்பிட மட்டும் வீம்பு விடவில்லை.

தீபாவளி சீசன் முடிந்ததும் அவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போர்மேனாகப் போய்விட்டார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் பாதியில் நின்றது. அலுமினியம் சொன்ன அந்தப் பெண் பரீட்சையில் கெமிஸ்ட்ரியில் தோற்று, மறுவருஷம் அவள் அம்மாவோடு வேலைக்குப் போனாள்.

4

அதற்கு அடுத்த வருஷம்தான் செய்தித்தாளில் அந்த விளம்பரம் வந்தது. இங்கிலாந்தில் கணக்கு டீச்சர் வேண்டுமாம். ஐம்பது பேர் வருவார்கள் என்று செயலர் சொன்ன அதே சரக்குக்கு இங்கே வரத்து இல்லை. நானும் வந்துவிட்டேன்.

வந்து ஐந்து வருஷம் ஆகிறது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், நிரப்பாமல் விட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அத்தா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகள் என்னை 'மிஸஸ் மைதீன்' என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அது என் பேருல்ல? நீ எப்பிடி வச்சுக்கிட்டே?" என்று சிரித்தாள். முதல் வாரம் பாடம் முடிந்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் 'எனி டவுட்ஸ்?' என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, கடவுள் விஷயத்தில் தனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு என்றான்.

அந்த முதல் வருஷம் என்னைக் கரையேற்றியது ஹெலன். இசை ஆசிரியை, ஐம்பத்தைந்து வயது, தனியாக இருப்பவர். எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து, எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்துக்கு மறுபடி அனுப்ப வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர். இங்கே ஆசிரியர் அறையில் அவரவர் ரொட்டியை அவரவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த அதே எவர்சில்வர் பாக்ஸை ஒரு வெள்ளிக்கிழமை திறந்தபோது, எலுமிச்சைச் சாதத்தின் வாசனைக்கு ஹெலன் திரும்பிப் பார்த்தார். மூடியில் கொஞ்சம் வைத்து நீட்டினேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மூடி எலுமிச்சைச் சாதம் ஹெலனுக்கு. பதிலுக்கு அதே மூடியில் ஒரு துண்டு கேக்கோ, அவர் தோட்டத்து ஆப்பிளோ திரும்பி வரும். ஐந்து வருஷத்தில் இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மேஜை அதுதான்.

5

கடிதம் வந்த பருவத்தில்தான் ஹெலனின் வேலை ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைந்தது. இசை படிக்கப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். எங்கள் தலைமையாசிரியையின் ரகசியம் இரண்டு நாள் தாங்கியது. சிவகாசியை விட இங்கே கிளார்க்குகள் கொஞ்சம் மெதுவு.

பிறர் சொல்லித் தெரிவதற்குள் நாமே சொல்லிவிடலாம் என்று ஹெலனிடம் போனேன். அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. உனக்குத் தகுதியானதுதான், சந்தோஷம் என்றார். சிரித்தும் காட்டினார். இங்கிலாந்துக்காரர்களின் சிரிப்பைப் படிக்க எனக்கு இன்னும் முழுசாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் மூடியில் எலுமிச்சைச் சாதம் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். இன்றைக்கு அவ்வளவாகப் பசியில்லை என்று மெதுவாகச் சொல்லி, ஒரு விரலால் மூடியை என் பக்கம் திருப்பித் தள்ளினார். கோபமாக இல்லை. மரியாதையாகத்தான் தள்ளினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு இசை அறைக்குப் போய்விட்டார்.

மூடி போனது மாதிரியே திரும்பி வந்து என் முன்னால் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், சுந்தரபாண்டியன் சார் மூன்று நாள் அந்த மேஜையில் எப்படி உட்கார்ந்திருந்தார், எப்படிக் காரச்சேவு போட்டார் என்று எனக்கு விளங்கியது. அழுகை வந்தது. அறையில் யாரும் கவனிக்கவில்லை. இந்த ஊரில் அது ஒரு வசதி.

6

சாருடைய போன் நம்பர் மூன்று வருஷமாக என் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. தமிழம்மா கொடுத்தது. எங்கள் பக்கம் பட்டாசு விபத்து என்று இணையத்தில் செய்தி வரும்போதெல்லாம் முதலில் பெயர்களைப் பார்ப்பேன். அவர் பெயர் இல்லையென்றால் மூச்சு விட்டுவிட்டு, இருக்கிற பெயர்களுக்காக வெட்கப்படுவேன். கூப்பிட மட்டும் மாட்டேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டேன். அங்கே மத்தியானம் இரண்டு மணி. நான் மும்தாஜ் டீச்சர், கணக்கு என்றேன்.

"சாப்பிட்டீகளா டீச்சர்?" என்றார்.

நம் ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்வி. பல் துலக்கியதோடு சரி, ஆனாலும் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். பிள்ளைகள், ஊர், மழை எல்லாம் விசாரித்தார்; ஆகஸ்டில் ஊருக்கு வரப் பார்க்கிறோம் என்றேன். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் போனை வைத்துவிடுவேன் என்று தெரிந்து, சொல்லிவிட்டேன்.

"சார், அன்னைக்கு ஒங்க மூடிய வெறுமனே தள்ளிவிட்டது நான்தான்."

"தெரியும் டீச்சர். என் மூடி மொதல்ல ஒங்க கைக்குத்தான வரும்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அவசரமில்லாமல் மற்றதைச் சொன்னார். அந்தக் கம்பெனியில் அவரை ஆறு மாதமாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். அம்மா மருந்துச் செலவுக்கு இந்தக் கூடுதல் பணம் போதும், பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிடலாம் என்று நினைத்து, அவர்களிடம் முடியாது என்று சொல்லியிருந்தாராம். பிறகுதான் மூடி காலியாக வந்தது. இப்போது வேலை எப்படி என்று கேட்டேன். குறையில்லை என்றார். ஆனால் வேலைக்காரர்கள் மரத்தடியில் கூடிச் சாப்பிடுவார்கள், போர்மேன் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அதனால் தான் தனியாகச் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். பழகிவிட்டது என்று சிரித்தார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னது இதுதான்.

"லேப்ல சாப்பிட்ட அம்புட்டு நாளும் நான் கதவச் சாத்தல டீச்சர். யாராச்சும் வருவீகன்னு தொறந்தேதான் வச்சிருந்தேன்."

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரி, வகுப்பில் உப்பின் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார். ஆகஸ்டில் வந்தால் சொல்லுங்கள், சாத்தூர் சேவு வாங்கி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

சமையலறையில் நின்றிருந்த சமீனா, யாரோடு பேசினாய், ஏன் உன் பேச்சு வேறு மாதிரி இருந்தது என்று கேட்டாள். இந்தத் தடவை முழுக்கதையையும் சொன்னேன், தமிழிலேயே. நடுவில் அவள் ஓடவில்லை. முடிந்ததும், "நீ போயிருக்கலாம்ல?" என்று தமிழில் கேட்டாள்.

7

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஹெலன் எங்கள் மேஜைக்கு வரவில்லை. அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, வந்தால் வைத்துவிடலாம் என்று எலுமிச்சைச் சாதத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷம் அப்படி இருந்த பிறகு, இந்த நினைப்பு எனக்குப் பழையது என்று உறைத்தது. இடியாப்பத்தை வைத்துக்கொண்டு இதையேதான் நினைத்தேன். சார் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அப்படிக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு வராதவள் நான்தானே.

இசை அறை இரண்டாம் மாடியில், ஒரு நீண்ட நடையின் கடைசியில் இருக்கிறது. கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பியானோ மூடி மேல் ரொட்டியை வைத்து, ஜன்னலைப் பார்த்தபடி ஹெலன் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனால் என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் யோசித்தேன், தமிழில் யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. டிபன் பாக்ஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கதவைத் தட்டினேன்.